கல்லூரியின் பெயரும் பிள்ளையின் பிழைப்பும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் பங்குத்தந்தையின் இல்லத்து வாயிற்படிக்கு ஓய்வே கிடையாது. ஞானஸ்நானச் சான்றிதழும் பரிந்துரைக் கடிதமும் வேண்டிப் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகின்றனர். கடிதத்தை வாங்கிய பின்னும் பலர் எழுந்து செல்வதில்லை. “சாமி, எந்தக் கல்லூரிக்குப் பெயர் அதிகம்? அங்கே படித்தால் வேலை நிச்சயந்தானா? தரவரிசையில் இந்தக் கல்லூரி முன்னால் இருக்கிறது என்கிறார்களே, வீட்டை அடமானம் வைத்தாவது சேர்த்துவிடலாமா?” என்று கேட்கின்றனர். வீட்டையும் நகையையும் பணயமாக வைக்கத் துணிந்தவர் கேட்கும் கேள்விக்கு வாய்க்கு வந்த விடையைச் சொல்லிவிடலாகாது. வேலை கொடுப்போர் கல்லூரியின் பெயரை எவ்வளவு மதிக்கின்றனர், எதுவரையில் மதிக்கின்றனர், எங்கே மதிப்பதில்லை என்பதை இம்மாதம் சற்று அமைதியாக ஆராய்வோம்.

பட்டம் பெருகியது, பெயர் முன்வந்தது

வேலை கொடுப்போரை நம் பகுதி மக்கள் நன்கறிவர். அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலை தோன்றியது. ஆவடியில் 1961-இல் கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. 1965-இல் அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. அக்காலத்தில் ஆலைகளுக்கு ஆள் எடுத்தவர்கள் எதைப் பார்த்தனர்? ஐ.டி.ஐ. சான்றிதழைப் பார்த்தனர், 1961-ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டத்தின்கீழ்ப் பயிற்சி பெற்றானா என்று பார்த்தனர், கடைசல் இயந்திரத்தின்முன் நிறுத்திக் கையைப் பார்த்தனர். பொறியியல் பட்டதாரிகள் அரிதாயிருந்தமையால், எந்தக் கல்லூரிப் பட்டம் என்று துருவிக் கேட்க வேண்டிய தேவை பெரிதாக எழவில்லை. பட்டமே பெயராக விளங்கியது.

1984-ஆம் ஆண்டில் தமிழக அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு இடமளித்த பின்னர் நிலைமை மாறியது. நம் திருவள்ளூர்ச் சாலையிலும் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலும் வயல்கள் இருந்த இடங்களில் கல்லூரிக் கட்டடங்கள் எழுந்தன. முன்னர் எட்டாக்கனியாயிருந்த பட்டம் தொழிலாளியின் வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. இது பெரும் நன்மையே. இதைக் குறைத்துப் பேசுவோர் தம் பிள்ளைகளின் கல்விக்காகக் கவலைப்பட்டிராதவர். ஆனால் ஒரு தெருவில் ஒருவர் மட்டும் பி.இ. படித்திருந்தபோது அந்த இரண்டெழுத்துக்கு இருந்த பெருமை, வீட்டுக்கு ஒருவர் படித்திருக்கும்போது இருப்பதில்லை. எல்லாரிடமும் பட்டம் இருக்கிறது என்றானபின், “எந்தக் கல்லூரி?” என்ற கேள்வி தானாகவே எழுந்தது.

பெயர் ஒரு சல்லடை

ஒரு நிறுவனத்தில் நூறு இடங்கள் உள்ளன என்றும், அவற்றுக்குப் பல்லாயிரம் விண்ணப்பங்கள் வருகின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அத்தனை பேரையும் அமரவைத்துப் பேசி, அவர்தம் அறிவையும் உழைப்பையும் நேர்மையையும் அளந்தறிய யாருக்கும் பொழுதில்லை. ஆகவே எளிதாகக் கண்ணுக்குப் புலப்படும் ஓர் அடையாளத்தைக் கொண்டு சலிக்கின்றனர். இதனை 1973-ஆம் ஆண்டிலேயே மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் விளக்கினார். வேலை கொடுப்பவரால் ஒருவரது உள்ளார்ந்த திறமையை நேரே காண முடியாது. எனவே எளிதில் பெற முடியாத ஒன்றை அவர் பெற்றிருக்கிறாரா என்று பார்த்து, அதையே திறமைக்கு அடையாளமாக ஏற்கிறார் என்பது அவர் கருத்து. இத்துறையில் ஆற்றிய பணிக்காக 2001-இல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் இருக்கிறது. ஐ.ஐ.டி. சென்னை 1959-இல் தொடங்கியது. இவற்றின் பெயரைக் கண்டதும் நிறுவனத்தார் தலைநிமிர்ந்து பார்ப்பதற்குக் காரணம், அங்கே கற்பிக்கப்படுவது மட்டுமன்று. அங்கே நுழைவதற்கே கடும் போட்டியில் வென்றாக வேண்டும். அந்தச் சலிப்பு வேலையைக் கல்லூரி ஏற்கெனவே செய்து முடித்துவிட்டது என்று அவர்கள் எண்ணுகின்றனர். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பில் நானூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவற்றில் படிப்போர் பெறும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றேதான். இருந்தும் சில கல்லூரிகளுக்கு நிறுவனங்கள் ஆண்டுதோறும் தேடி வருகின்றன. சிலவற்றின் வாயிலைக்கூட எட்டிப் பார்ப்பதில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெயர் பெறாத கல்லூரியில் படித்தவனைப் பெரும்பாலும் யாரும் ஆய்ந்து பார்த்துத் தள்ளிவிடுவதில்லை. அவனை யாரும் பார்ப்பதே இல்லை. அவனுடைய இடர்ப்பாடு திறமைக்குறைவு அன்று, கண்ணில் படாமை. ஆகவே கல்லூரியின் பெயர் பெரும்பாலும் முதற் கதவைத் திறக்கும் சாவியே என்று கொள்ளலாம்.

பெயர் வேறு, தரவரிசை எண் வேறு

இன்று பெற்றோர் பலர் பெயரையும் தரவரிசையையும் ஒன்றெனக் கருதுகின்றனர். நடுவண் அரசு 2015-இல் தேசிய நிறுவனத் தரவரிசைக் கட்டமைப்பை உருவாக்கி, 2016 முதல் ஆண்டுதோறும் பட்டியல் வெளியிட்டு வருகிறது. பொறியியல் பிரிவில் ஐ.ஐ.டி. சென்னை தொடக்கமுதல் முதலிடத்தில் உள்ளது. இதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் அந்த எண் எவ்வாறு பிறக்கிறது என்பதைப் பாருங்கள். பொறியியல் கல்லூரிகளுக்கு நூறில் 30 பங்கு கற்பித்தலுக்கும் அதற்கான வசதிகளுக்கும். 30 பங்கு ஆராய்ச்சிக்கு. 20 பங்கு மாணவரின் தேர்ச்சி, வேலை, மேற்படிப்பு ஆகியவற்றுக்கு. 10 பங்கு பலதரப்பு மாணவருக்கும் இடமளிப்பதற்கு. எஞ்சிய 10 பங்கு கல்லூரியைப் பற்றிப் பிறர் கொண்டுள்ள கருத்துக்கு.

ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெருகினால் ஒரு கல்லூரியின் எண் உயரலாம். உங்கள் மகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர் அதனால் மாறிவிடப் போவதில்லை. நாம் நன்கறிந்த ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1925-இல் தொடங்கிய சென்னை லயோலா கல்லூரி, கல்லூரிகளுக்கான பட்டியலில் 2017-இல் இரண்டாம் இடத்தில் இருந்தது. 2024-இல் எட்டாம் இடத்தில் இருந்தது. இதனால் அக்கல்லூரி மாணவரை வேலைக்கு அழைப்போர் தம் மதிப்பை ஆறு படி குறைத்துக்கொண்டனரா? ஒரு நூற்றாண்டில் சேர்ந்த நற்பெயர் ஆண்டுதோறும் ஏறி இறங்குவதில்லை. நாற்பதாம் இடத்துக்கும் ஐம்பத்தைந்தாம் இடத்துக்கும் உள்ள வேற்றுமையை நினைவில் வைத்துக்கொண்டு நேர்முகத்தில் அமரும் அலுவலரைக் காண்பது அரிது.

மேலும், இப்பட்டியலுக்கான விவரங்களிற் பெரும்பகுதியைக் கல்லூரிகளே அளிக்கின்றன. அவ்விவரங்கள் சரிபார்க்கப்படுவதில்லை என்று தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2025 மார்ச் மாதம் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பட்டியல் வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் அவ்வாண்டு செப்டம்பரில் பட்டியல் வெளியாயிற்று.

எனினும் தரவரிசை எண்ணுக்கு மெய்யான பயன் ஒன்று உண்டு, அதை மறைக்கலாகாது. 2024 நவம்பரில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்த பிரதமர் வித்யாலட்சுமித் திட்டத்தில், தரவரிசையின் அடிப்படையில் தேர்ந்தெடுத்த கல்வி நிலையங்களில் இடம் பெற்ற மாணவருக்கு ஈடோ பிணையோ இன்றி வங்கிக் கடன் கிடைக்கும். தொடக்கத்தில் அவ்வாறு குறிக்கப்பட்டவை 860 நிலையங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய்க்கு மிகாதிருந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. ஆகவே எண்ணை முற்றிலும் ஒதுக்கிவிடாமல், உங்கள் பிள்ளை சேரவிருக்கும் கல்லூரி இப்பட்டியலில் உள்ளதா என்று வங்கியில் கேட்டறிவது அறிவுடைமை.

பெயரின் பலன் எத்தனை காலம்?

முதற் கதவு திறந்தபின் அப்பெயர் வாழ்நாள் முழுதும் உடன்வருமா? அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் குரூகர் என்னும் இரு ஆய்வாளர்கள் இதனை நுணுக்கமாக ஆராய்ந்து 2002-இல் முடிவுகளை வெளியிட்டனர். 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களை அவர்கள் எடுத்துக்கொண்டனர். புகழ்பெற்ற கல்லூரியில் படித்தவரையும் ஏனையோரையும் பொதுப்பட ஒப்பிடாமல், ஒரே தரமான கல்லூரிகளில் இடம் கிடைத்தும், ஒருவர் புகழ்பெற்ற கல்லூரிக்கும் மற்றவர் வேறு கல்லூரிக்கும் சென்றவர்களையே ஒப்பிட்டனர். பல ஆண்டுகள் கழித்து இரு சாராரின் வருவாயும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. அதாவது, உயர்த்தியது கல்லூரியின் பெயரன்று. அக்கல்லூரியில் இடம்பெறத் தகுதியாயிருந்த அந்த மாணவரின் ஆற்றலும் ஊக்கமுமே.

ஆனால் அந்த ஆய்வில் ஒரு விதிவிலக்கு உண்டு. அது நம் குடும்பங்களைத் தொடுவதால் அழுத்திச் சொல்ல வேண்டியதாகிறது. வறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் நல்ல கல்லூரி மெய்யாகவே கூடுதல் பலன் தந்தது. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குச் சிற்றப்பா ஒரு நிறுவனத்தில் மேலாளர். மாமா ஒரு வங்கியில் அதிகாரி. நேர்முகத்துக்கு எப்படிச் செல்வது, எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர ஆள் உண்டு. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பெண்ணுக்கு அத்தகைய உறவினர் இல்லை. அவளுக்கு நல்ல கல்லூரியின் ஆசிரியரும் உடன்பயிலும் தோழியரும் முன்னாள் மாணவியருமே உறவினர் ஆகின்றனர்.

ஆகவே, “பெயரில் என்ன இருக்கிறது?” என்று வசதியுள்ளோர் சொல்லும் அறிவுரையை எளியோர் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுவதில்லை. குறைந்த கட்டணமுள்ள, நல்ல ஆசிரியரும் நல்ல தோழமையும் வாய்த்த அரசுக் கல்லூரியிலோ அரசு உதவிபெறும் கல்லூரியிலோ உங்கள் மகளுக்கு இடம் கிடைத்தால், தொலைவு அதிகம் என்றோ, பெண்பிள்ளை மின்தொடர்வண்டியில் தனியே செல்வதா என்றோ தடுத்துவிடாதீர்கள். நற்பெயர் யாருக்கு மிகுதியாகப் பயன்படுமோ அவர்களே அதைக் கைவிடுவது வருந்தத்தக்கது.

பெயரைக் கேளாத வாயில்கள்

இனி, கல்லூரியின் பெயரைக் கேளாமலே ஆள் எடுக்கும் இடங்களைக் காண்போம். நம் சென்னையிலேயே வளர்ந்த ஜோஹோ நிறுவனம் 2005-ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல் உதவித்தொகை அளித்துத் தானே கற்பித்துப் பணியில் அமர்த்தி வருகிறது. இதைத் தொடங்கியவரான ஸ்ரீதர் வேம்பு ஐ.ஐ.டி.யிலும் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்றவர். தம் பணியாளர்களைப் பல்லாண்டு கவனித்ததில், அவர்கள் படித்த கல்லூரிக்கும் வாங்கிய மதிப்பெண்ணுக்கும், அவர்கள் செய்யும் வேலையின் தரத்துக்கும் பெரிய தொடர்பு இல்லை என்று கண்டதே இம்முயற்சிக்கு அடிப்படை.

டி.சி.எஸ். நிறுவனமும் 2018-இல் ஒரு மாறுதல் செய்தது. தான் தேர்ந்துகொண்ட கல்லூரிகளுக்குச் சென்று ஆள் எடுத்ததை விடுத்து, நாடு முழுவதிலுமுள்ள மாணவர் எழுதக்கூடிய தகுதித் தேர்வு ஒன்றைக் கணினிவழி நடத்தத் தொடங்கியது. ஆனால் இளைஞர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். இத்தகைய நிறுவனங்கள் பலவும் பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பட்டப்படிப்பிலும் 60 விழுக்காடு இருக்க வேண்டும், தேறாத பாடம் நிலுவையில் இருத்தலாகாது என்று வரம்பு கட்டியுள்ளன. கல்லூரியின் பெயர் எவ்வளவு பெரிதாயினும் ‘அரியர்’ வைத்திருப்பவனை அது காப்பாற்றாது.

அரசுப் பணிகளில் கல்லூரியின் புகழுக்கு மதிப்பெண்ணே கிடையாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும் இரயில்வேத் தேர்வு வாரியமும் வங்கித் தேர்வுகளும் பட்டம் அங்கீகாரம் பெற்றதா என்று மட்டுமே பார்க்கின்றன. பின்னர் எழுதுவோரின் கையும் மூளையுமே பேசும். ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை பட்டதாரிகளையும் பட்டயம் பெற்றோரையும் தொழில் பழகுநராக எடுக்கும்போது அவர்தம் மதிப்பெண்ணையே அடிப்படையாகக் கொள்கிறது. வீட்டுக்கு அருகிலுள்ள இந்த வாயிலை அறியாமல், தொலைவிலுள்ள கண்ணாடிக் கட்டடங்களையே அண்ணாந்து பார்க்கும் இளைஞர் நம் பங்குகளில் பலர்.

அம்பத்தூரில் சிறு பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர் தாம் ஆள் எடுக்கும் முறையை விவரித்தார். வருகிறவனிடம் ஒரு வரைபடத்தையும் வெர்னியர் அளவுகோலையும் ஓர் இரும்புத் துண்டையும் கொடுத்து, “இது வரைபடத்தின்படி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்” என்பாராம். பெரிய கல்லூரிப் பிள்ளைகளில் விழித்தவரும் உண்டு. பெயர் தெரியாத பாலிடெக்னிக்கில் படித்துப் பத்து நிமிடத்தில் பிழையைக் காட்டியவரும் உண்டு என்றார். பிலிப்பு இயேசுவைப் பற்றிச் சொன்னபோது, நாசரேத்து என்ற ஊர்ப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நத்தனியேல் ஐயுற்றார். பிலிப்பு அவரோடு வாதிடவில்லை. நேரில் வந்து பார்க்கும்படி அழைத்தார், அவ்வளவே. அந்தப் பட்டறைக்காரர் செய்வதும் அதுவே.

சேர்க்குமுன் கேட்க வேண்டியவை

கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் பெற்றோர் சில கேள்விகளைக் கூசாமல் கேட்க வேண்டும். முதலாவது, விளம்பரப் பலகையில் பெரிய எழுத்தில் காணும் மிக உயர்ந்த சம்பளத்தைக் கேளாதீர்கள். அது ஒருவருக்குக் கிடைத்தது. வேலை பெற்றோரை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்பவருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேளுங்கள். இரண்டாவது, ‘நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு வேலை’ என்றால் எந்த நூறு என்று கேளுங்கள். அந்தப் பாடப்பிரிவில் படித்த அனைவருமா, அன்றி வேலைக்கெனப் பெயர் பதிந்தவர் மட்டுமா? மூன்றாவது, அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் கல்லூரிவாரியான தேர்ச்சி விழுக்காட்டைப் பாருங்கள். பாதிப்பேர் தேறாத கல்லூரியில் மணிக்கூண்டு உயரமாயிருந்து பயனில்லை. நான்காவது, சென்ற ஆண்டு படித்து முடித்த இரண்டு மாணவரையாவது கண்டு பேசுங்கள்.

ஐந்தாவது, கடனைக் கணக்கிடுங்கள். 10 லட்சம் ரூபாயை 10 விழுக்காடு வட்டிக்கு வாங்கிப் பத்தாண்டில் திருப்பிச் செலுத்துவதாயின், மாதத் தவணை ஏறத்தாழ 13,200 ரூபாய். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. பிள்ளை ஆண்டுக்கு 3½ லட்சம் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தால், பிடித்தம் போகக் கைக்கு வருவது மாதம் 25,000 அளவில் இருக்கும். அதில் பாதிக்கு மேல் வங்கிக்குச் சென்றுவிடும். அத்தகைய பிள்ளை விருப்பமான வேலைக்காகக் காத்திருக்கவும் முடியாது. மேலே படிக்கவும் முடியாது. தங்கையின் படிப்புக்கு உதவவும் முடியாது. இரண்டு கல்லூரிகள் ஏறத்தாழ ஒரே தரத்தில் இருக்கும்போது, பெயர் சற்றுப் பெரிது என்பதற்காக இத்தகைய சுமையைப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றலாகாது. கடன் குறைந்த கல்லூரியே அப்போது நல்ல கல்லூரி.

இறுதியாக இரு சாராருக்கு ஒவ்வொரு சொல்.

இளைஞரே, உங்கள் கல்லூரிக்குப் பெயர் இல்லாவிட்டால், உங்களைப் பிறர் காணும்படி செய்யும் பொறுப்பு உங்கள் கையில் சற்று அதிகமாக இருக்கிறது, அவ்வளவே வேற்றுமை. நான்காம் ஆண்டின் இறுதிவரை நிறுவனம் வருமெனக் காத்திராதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே விடுமுறையில் ஒரு பட்டறையிலோ அலுவலகத்திலோ பழகுங்கள். நீங்களே செய்த ஒன்றைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்து வாக்கியம் பிழையின்றி எழுதவும் தயக்கமின்றிப் பேசவும் பழகிக்கொள்ளுங்கள்.

மற்றவர், நம் பங்குகளிலேயே ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்போர். தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருப்போரும், நிறுவனங்களில் மேலாளராகவும் பணியாளர் துறை அலுவலராகவும் இருப்போரும் ஞாயிறுதோறும் நம்மோடு திருப்பலியில் அமர்ந்திருக்கின்றனர். அன்பர்களே, உங்கள் மேசையில் விண்ணப்பங்கள் குவியும்போது சல்லடை தேவைதான். அதை மறுப்பார் இல்லை. ஆயினும் கல்லூரியின் பெயரைக் கண்டதும் ஒதுக்கிவைத்த கட்டிலிருந்து ஐந்து விண்ணப்பங்களையாவது திரும்ப எடுத்து, அந்த ஐவரையும் நேரில் அழைத்துப் பாருங்கள். அரைமணி நேரம் உங்களுக்குச் செலவாகும். ஒரு தொழிலாளியின் வீட்டில் அந்த அரைமணி நேரத்துக்காகப் பதினாறு ஆண்டுகளாகக் காத்திருக்கிறார்கள்.